வெள்ளிக்கிழமை அரிசி

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சத்தியம் செய்யக்கூடாது என்று கிறிஸ்தவர்களுக்குக் கட்டளை இருப்பது தெரியும். அதனால்தான் கோயில் மணியின் மேல் வலது கையை வைக்காமல் இடது கையை வைத்துச் செய்த சத்தியம் இது. கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. குறைத்துச் சொன்னது கொஞ்சம் உண்டு, கேட்கிறவர்கள் நம்பவேண்டுமே என்பதற்காக.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தரம் பார்த்தவன் தாவீது. ஆறிக் கிடக்கும் கம்பிகளில் கட்டுக்கு ஒன்றை உருவி, வளைத்துப் பார்ப்பான். வளைந்த இடத்தில் விரிசல் கண்டால் அந்தக் கட்டின் முனையில் சிவப்பு சாக்பீஸால் ஒரு பட்டை. அது மறுபடி உலைக்குப் போகும். விரிசல் இல்லையென்றால் பச்சை சாக்பீஸால் ஒரு பட்டை; அது லாரிக்குப் போகும். சிவப்பு சாக்பீஸ் சட்டையின் வலது பையில் இருக்கும், பச்சை இடது பையில். துவைக்கிற அன்று அவன் மனைவி ஞானம்மா இரண்டையும் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, சட்டை காய்ந்ததும் கைக்கு வந்த பையில் திரும்பப் போட்டுவைப்பாள்.

இருபத்திரண்டு வருடம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கிய மனுஷனுக்கு, வீட்டுக்கு வந்த பிறகு அதைக் கழற்றி ஆணியில் மாட்டத் தெரியாது. ஞானஸ்நானம் எடுத்த அன்று தொட்டித் தண்ணீரைக் கையால் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் முங்கினான். கல்யாணத்தன்று மோதிரத்தைக் கடித்துப் பார்த்தான். கடித்த தடம் இன்றைக்கும் அதில் இருக்கிறது. நெடுஞ்சாலை சிக்னலில் விளக்கை நம்பமாட்டான், லாரிகள் நிற்பதைப் பார்த்துத்தான் கடப்பான். தக்காளி வாங்க அவனை ஞானம்மா அனுப்புவதில்லை. எது பழம் எது காய் என்று கடைக்காரனோடு தகராறு வந்துவிடும், கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று சொல்லி வெறும் பையோடு திரும்பிவிடுவான்.

அவன் சோதிக்காமல் விட்டது உலகத்தில் ஒன்றே ஒன்று. ஜெபம் நடக்கும்போது கண்ணைத் திறக்கமாட்டான். நடுவில் கண்ணைத் திறந்தால் அதுவரை செய்த ஜெபமெல்லாம் கேன்சல் என்பது அவன் உறுதி. இப்படி எங்கேயும் எழுதியில்லை என்று பாஸ்டர் எட்வர்ட் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். பாஸ்டர் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறார் என்று தாவீதுக்கு அவர் மேலேயே சந்தேகம் வந்ததுதான் மிச்சம்.

போன வருடம் பங்குனியில் கஷ்டம் வந்தது. அந்த ஆலையிலிருந்து போன கட்டு ஒன்றை எளாவூரில் ஒரு கட்டட வேலையில் பிரித்து வளைத்தபோது, கம்பி முறிந்து தெறித்து, கலியன் என்கிற கம்பி கட்டும் ஆளின் முழங்காலுக்குக் கீழே எலும்பை இரண்டாக்கியது. அந்தக் கட்டில் சிவப்புப் பட்டையும் இல்லை, பச்சைப் பட்டையும் இல்லை. தாவீது சோதிக்கவே இல்லை என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள். நான் சோதித்தேன், விரிசல் இருந்தது, சிவப்பு அடித்தேன் என்றான் தாவீது. சோதனை நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். சரியாக அந்தப் பக்கத்தில் மட்டும் டீ கொட்டியிருந்தது.

ஒரு கடிதம் தயாரானது. 'என் கவனக்குறைவால் சோதிக்காமல் அனுப்பிவிட்டேன், தவறு என்னுடையதே.' இதில் கையெழுத்துப் போட்டால் கணக்கை முடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். போடாவிட்டால் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை, திருவள்ளூரில் தொழிலாளர் அதிகாரி கூப்பிடும்வரை வீட்டில் கிடக்கவேண்டியதுதான். தாவீது போடவில்லை.

கலியன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினான். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. தாவீது அண்ணன் சிவப்பு அடித்தாரா இல்லையா, அதை மட்டும் தெரிந்துகொண்டு வரச் சொல்லியிருந்தான். அடித்தேன் என்று தாவீது சொல்லி அனுப்பினான். அத்தோடு, காலுக்குள் வைத்த கம்பியை வளைத்துப் பார்த்துத்தான் வைத்தார்களா என்று டாக்டரைக் கேட்கச் சொல்லியும் அனுப்பினான்.

ஆக, கையெழுத்துப் போடாமல் இருப்பதென்றால் விசாரணை நாள் வரைக்கும் சாப்பிட்டாக வேண்டும். வீட்டில் இருந்தது ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் முக்கால் பாகம் அரிசி. தாவீது இரும்பு ஸ்கேலை அதற்குள் விட்டு அளந்தான். இருபத்தேழு சென்டிமீட்டர். இரண்டு பேருக்கு வாரத்துக்கு நாலு சென்டிமீட்டர் குறையும். ஏழாவது வாரம் டிரம்மின் அடி தெரியும். அதற்குள் திருவள்ளூரிலிருந்து ஓலை வராது என்பது அவனுக்கும் தெரியும், ஆலைக்கும் தெரியும்.

இந்த லட்சணத்தில் ஞானம்மா ஒவ்வொரு வேளையும் உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, கோயிலுக்கென்று வைத்த சட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். சபைப் பெண்கள் எல்லாரும் செய்வதுதான். வாரக் கடைசியில் அந்தப் பிடி அரிசி ஆராதனைக்குப் போகும். இந்தக் கஷ்டம் தீரும்வரை அதை நிறுத்தி வை என்றான் தாவீது.

"நம்ம வேளைக்கு அளந்ததுலதானே எடுக்கறேன். உன் தட்டுலேந்தா எடுத்தேன்?" என்றாள் ஞானம்மா.

"ரெண்டும் ஒரே டிரம்முதான், ஞானம்."

"டிரம்மு அவரு பாத்துப்பாரு. நீ ஸ்கேலை வெளியே எடு."

தாவீது ஸ்கேலை வெளியே எடுத்துத் துடைத்து, மறுநாள் மறுபடி உள்ளே விட்டான்.

மூன்றாவது வாரம் அது பிடிபட்டது. சனிக்கிழமையிலிருந்து வியாழக்கிழமை வரை அரிசி ஒழுங்காகக் குறைகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அளந்தால் மறுபடி இருபத்தேழு. நாலாவது வாரமும் அப்படியே. ஐந்தாவது வாரம் இருபத்தேழரை.

முதலில் ஸ்கேல் மேல் சந்தேகம். பக்கத்து வீட்டு மெர்சியிடம் தையல் டேப் வாங்கி ஸ்கேலை அளந்தான். ஸ்கேல் சரி. பிறகு எலி. அரிசியைக் கொண்டுபோகிற எலி உண்டு, கொண்டுவந்து கொட்டுகிற எலியைக் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் பொறி வைத்தான். ஒன்று விழுந்தது. அதன் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு, குற்றமில்லை என்று விட்டுவிட்டான். அது போகிற போக்கில் ஒருமுறை திரும்பி அவனைப் பார்த்துவிட்டுப் போனது.

அடுத்தது ஞானம்மா. அவள் சாப்பிடாமல் மிச்சம் பிடிக்கிறாளோ என்று எதிரில் உட்கார்ந்து கவளம் கவளமாக எண்ணினான். அவள் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு, "இதையும் எழுதிக்கோ" என்றாள்.

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை காலையில் டிரம் மூடிக்கு இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, சங்கிலி கோத்து, பூட்டு மாட்டினான். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். அன்று அவன் வீட்டில் வழக்கம்போல உபவாச ஜெபம். வாரம் ஒரு வீடு என்று சுற்றிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தை, அவனுக்குக் கஷ்டம் வந்ததிலிருந்து பாஸ்டர் எட்வர்ட் அவன் வீட்டிலேயே வைத்துவந்தார். காலை பதினோரு மணிக்குத் தொடங்கும். எட்வர்ட் நல்ல மனிதர், ஆனால் ஜெபத்தைத் தொடங்கினால் பிரேக் பிடிக்காது. தொடங்கும்போது உறை ஊற்றிவைத்த பால் ஆமென் சொல்வதற்குள் தயிராகிவிடும். அதைக் கடைந்து மோராக்கிக் குடித்துத்தான் எல்லாரும் உபவாசத்தை முடிப்பார்கள். புரட்டாசியில் அவர் தொடங்கிய ஒரு ஜெபத்துக்குள் ஒரு கோழி அடை உட்கார்ந்து எழுந்ததாகவும் சொல்வார்கள். அது பக்கத்துத் தெருவில் நடந்தது, அதனால் உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அன்று கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு தாவீது சமையல் அறைக்குப் போனான். பூட்டு பூட்டினபடியே இருந்தது. மூடியின் மேல் ஏழு சின்னக் குவியலாக அரிசி இருந்தது.

ஞானம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"கர்த்தர் குடுத்திருக்காரு" என்றாள்.

"பூட்டின டிரம்மு மேல, ஏழு குவியலாவா?"

"பூட்டினது நீ. அவரு இன்னா பண்ணுவாரு? மேலயே வெச்சிட்டுப் போயிட்டாரு."

தாவீது அந்த ஏழு குவியலையும் தனித்தனியாக முறத்தில் போட்டு, கம்பியில் விரிசல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துவந்து உட்கார்ந்தான். மதியச் சாப்பாடு இல்லாத நாள் என்பதால் வேலை சீராக ஓடியது. முதல் குவியல் ரேஷன் அரிசி, நடுவில் ஒரு கருப்புக் கல், அது மெர்சி. அவள் வீட்டில் கல் பொறுக்குவதில்லை, அவள் புருஷனின் இரண்டு கடைவாய்ப் பற்கள் அதற்குச் சாட்சி. இரண்டாவது நெல்லூர் அரிசி. எளாவூர் செக்போஸ்ட் வழியாக லாரி ஓட்டிக்கொண்டு வாரத்துக்கு நாலு நடை ஆந்திராவுக்குப் போய்வரும் லோகு. அதாவது அந்தப் பல் போன புருஷன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது நொய், பாட்டில் பொறுக்கி விற்கும் சின்னப்பொண்ணு. அவள் வீட்டில் முழு அரிசி வாங்கி யாரும் பார்த்ததில்லை. நாலும் ஐந்தும் தையல் கம்பெனிக்குப் போகும் அக்கா தங்கையின் இட்லி அரிசி. ஆறாவது குவியலில் எல்லா வகையும் கலந்திருந்தது, பாஸ்டர் எட்வர்ட். சபையார் கொடுக்கிற பிடி அரிசியில்தான் அவர் வீட்டு உலையே கொதிக்கிறது.

ஏழாவது குவியலைக் கையில் எடுத்ததும் தாவீது நிமிர்ந்து உட்கார்ந்தான். சின்னச் சின்னதாக, வாசனையோடு, சீரகச் சம்பா. ஆலையில் இருநூறு பேர் சாப்பாட்டுக் கூடையைத் திறப்பார்கள். அதில் ஒரே ஒரு கூடையில்தான் இந்த வாசனை வரும். பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் பத்து ஏக்கர் நஞ்சை உள்ளவர், ஷிப்ட் சூப்பர்வைசர் துளசிராமன். திங்கட்கிழமைதோறும் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தாவீது வீட்டு வாசலுக்கு வருகிறவரும் அவர்தான்.

மற்ற ஆறும் சரி. இந்த ஏழாவதில் விரிசல் இருந்தது.

"இந்த அரிசி ஆலையோட அரிசி. பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்து வுட்ட ஆட்டுக்குத் தழை போடறாங்க. கொஞ்ச நாள்ல கழுத்தை நீட்டுன்னுவாங்க. எல்லாத்தையும் வெளியே கொட்டு" என்றான்.

ஞானம்மா அந்த ஏழாவது குவியலை அவன் கண்ணெதிரிலேயே மற்றதோடு சேர்த்துக் கலந்தாள்.

"தீர்க்கதரிசிக்குப் பஞ்சத்துல காக்கா அப்பம் கொண்டாந்து குடுத்துச்சே. திருடின அப்பமா, நல்ல அப்பமான்னு அவரு கேட்டாரா?"

"அது கர்த்தர் அனுப்பின காக்கா."

"அந்தக் காக்கா இன்னா ஞானஸ்நானம் எடுத்துக்கினா வந்துச்சு?"

தாவீது பூதக்கண்ணாடியைத் துடைத்தான். சந்தேகம் இரண்டு மடங்கானது. ஒருவேளை பாஸ்டரும் உடந்தையோ? ஜெபத்தை இவ்வளவு நீளமாக இழுப்பது எதற்கு? ஜெபத்தில் கண் திறந்தால் ஒன்றுமில்லை என்று தன்னிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது எதற்கு? திறக்கமாட்டான் என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தானோ?

வாரங்கள் போயின. அரிசி குறைந்தது, வெள்ளிக்கிழமை ஏறியது. பூட்டைக் கழற்றிவிட்டான், மூடி வீணாகிறது என்று. சாப்பிடும்போது ஒவ்வொரு வாயிலும் சீரகச் சம்பா எங்கேயாவது மணத்தது. தின்று தொலைத்தான், தூங்க முடியவில்லை. ஆலையின் சோற்றைத் தின்றுகொண்டே ஆலைக்கு எதிராகத் திருவள்ளூரில் எப்படி நிற்பது? அங்கே யாராவது எழுந்து, நாலு மாதமாக எங்கள் சூப்பர்வைசர் இவனுக்குப் படி அளந்தாரே என்று கேட்டால்? கலியன் கேட்டால்?

ஆடி பிறந்தபோது ஓலை வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அதற்கு முந்தைய வாரத் திங்கட்கிழமை துளசிராமன் வழக்கம்போல வாசலில் நின்றார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம். வருகிற சனிக்கிழமைதான் கடைசி, அதற்குமேல் இந்தக் கடிதமும் கிடையாது, செட்டில்மெண்டும் கிடையாது என்று மேலிடத்தில் சொல்லச் சொன்னதாகச் சொன்னார். சொல்லும்போது தாவீதின் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்தார்.

"சாப்பாட்டுக்கு இன்னா பண்றே?" என்று கேட்டார்.

"கெடைக்குது சார்."

"நல்லா கெடைக்குதா?"

"வாசனையா கெடைக்குது" என்றான் தாவீது.

துளசிராமன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் காது மடல் சிவந்துபோனதாக ஞானம்மா பிற்பாடு சொன்னாள். தாவீது அதைக் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைய ஜெபமே செவ்வாய்க்கிழமை விசாரணைக்காகத்தான். கண்ணைத் திறந்தால் ஜெபம் கேன்சல். திறக்காவிட்டால், யாருடைய சோற்றைத் தின்கிறோம் என்று தெரியாமல் திருவள்ளூர் போகவேண்டும். தெரிந்துவிட்டால் சனிக்கிழமை என்ன செய்வது என்று முடிவெடுக்கலாம்: ஆலை போட்ட தழைதான் என்றால் அந்த ஆட்டின் கழுத்தை நீட்டிக் கையெழுத்தைப் போட்டு, தின்ற சோற்றுக்குக் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். தாவீது சுவரோரம் உட்கார்ந்து, சமையல் அறை வாசல் தெரிகிற மாதிரி பாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

பாஸ்டர் எட்வர்ட் தொடங்கினார். உலகத்தைப் படைத்ததற்கு நன்றி சொல்லி, நோவாவின் பேழையில் ஒவ்வொரு மிருகமாக ஏற்றிக்கொண்டு வந்தார். ஒட்டகம் ஏறுகிற நேரத்தில் தாவீது இடது கண்ணை மட்டும் திறந்தான். ஒரு கண் திறந்தால் பாதி ஜெபமாவது மிஞ்சும் என்பது அவன் கணக்கு.

பார்த்ததும் வலது கண்ணும் தானாகத் திறந்துகொண்டது.

பாயில் பாஸ்டரைத் தவிர ஒருவரும் இல்லை. எல்லாரும் வரிசையில் நின்றார்கள். எல்லாருடைய கண்ணும் மூடியிருந்தது. ஜெபத்தில் கண் திறக்கக்கூடாது என்பதை அவனிடமிருந்தே கற்றுக்கொண்டவர்கள்போல, கண்ணை இறுக்கி மூடியபடி ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, மறு கையில் பிடி அரிசியோடு நடந்தார்கள். ஒருவருக்கு முன்னால் ஒருவர் இருப்பது ஒருவருக்கும் தெரியவில்லை. மெர்சி அலமாரியில் முட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் "ஸ்தோத்திரம்" என்றாள். லோகு தன் மனைவியின் காலை மிதித்துவிட்டு, பூனையென்று நினைத்துத் தாண்டிப் போனான். எண்பது வயதுச் சின்னப்பொண்ணு தடவித் தடவி டிரம்மைக் கண்டுபிடித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து நொய்யைக் கொட்டினாள். பாஸ்டர் நெருப்புக்கோழியைப் பேழையில் ஏற்றிக்கொண்டே எழுந்து போய், தன் பங்கைப் போட்டுவிட்டு, குரல் ஒரு இடத்தில்கூட உடையாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். எல்லாரும் அதேபோலத் தடவிக்கொண்டு திரும்பி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். லோகு பாஸ்டரின் மடியில் உட்கார்ந்து எழுந்தான். அதையும் இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

அப்போது பின்கதவு மெல்லத் திறந்தது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தவர் துளசிராமன். அந்த வீட்டில் அந்த நேரத்தில் கண் திறந்து நடந்தவர் அவர் ஒருவர்தான். டிரம்முக்குப் பக்கத்தில் போனார். வலது கையை நீட்டினார். நிமிர்ந்தபோது, வாசலுக்கு நேரே சுவரோரம் உட்கார்ந்திருந்த தாவீதின் இரண்டு கண்ணும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆறு சாட்சிகள், ஒரு பாஸ்டர், கையும் களவுமாக ஆலையின் சூப்பர்வைசர். சாட்சிக்குக் கூண்டில் ஏறவே வேண்டாம். தாவீதின் வாய் திறந்தே விட்டது.

ஆனால் இருபத்திரண்டு வருடப் பழக்கம். கத்துவதற்கு முன்னால் அவன் கண் அந்தக் கையைச் சோதித்தது. அந்தக் கையில் பை இல்லை, மூட்டை இல்லை. மூடின விரலுக்குள் அடங்குகிற ஒரு பிடி இருந்தது. ஆளை விலைக்கு வாங்குகிறவர்கள் மூட்டையாக அனுப்புவார்கள், வீட்டு வாசலில் இறக்குவார்கள், நாலு பேர் பார்க்க இறக்குவார்கள். பத்து ஏக்கர்காரர் ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு பின்கதவால் வருவது விலைக்கு வாங்குவதற்கு அல்ல. பிடி அரிசி என்பது வேறு ஒன்று. அது தன் வேளைச் சோற்றிலிருந்து எடுப்பது.

துளசிராமன் உதடு மட்டும் அசைந்தது. சத்தமில்லாவிட்டாலும் தாவீதுக்குக் கேட்டது.

"கண்ணை மூடிக்கோய்யா. நான் போயிடறேன்."

தாவீதின் ஆயுளில் அந்த ஒரு சரக்கைத்தான் அவன் வளைத்துப் பார்க்காமல் அனுப்பினான். கண்ணை மூடிக்கொண்டான். அரிசி விழுகிற சின்னச் சத்தம் கேட்டது. பின்கதவு சாத்திக்கொண்டது. கேன்சலான ஜெபத்தை முதலிலிருந்து, தன் சொந்த வாயால், மனதுக்குள் தொடங்கினான். அவனுக்குப் பாஸ்டரைப்போல வராது. 'எனக்குத் தெரியல. உமக்குத் தெரியும்' என்பதோடு தீர்ந்துவிட்டது. பேழைக் கதவு சாத்தப்பட்டு, மழை பிடித்து, நாற்பது நாள் கழித்துப் புறா இலையோடு வந்தபோது எல்லாரும் ஆமென் சொன்னார்கள். மோர் தயாராக இருந்தது. அன்று அளந்தபோது முப்பத்தொன்று. ஸ்கேலை ஞானம்மாவிடம் கொடுத்து, இனிமேல் இதைத் தோசைக் கரண்டியோடு போட்டு வை என்றான்.

சனிக்கிழமை வந்தது, போனது. கையெழுத்துப் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாலையில் இருவரும் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்குப் பஸ் ஏறினார்கள். ரயிலென்றால் சென்னையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஆடி மாதம், பஸ் முழுக்க மஞ்சள் புடவையும் வேப்பிலையும். ஞானம்மா கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சோற்றைப் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்தோடு பங்கு போட்டாள். நல்ல அரிசியாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வரும் என்றாள் ஞானம்மா.

தொழிலாளர் அதிகாரி காயத்ரி என்று ஒரு பெண்மணி. சின்ன வயது, பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஃபைல். ஆலையின் தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர் துளசிராமன். ஊன்றுகோலோடு கலியனும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அந்தக் கட்டில் பட்டை எதுவும் இல்லை என்பதைச் சொல்லத்தான் துளசிராமனைக் கூட்டிவந்திருந்தார்கள். அவர் எழுந்து நின்றார். கையை ஒரு பிடியாக மூடிக்கொண்டிருந்தார், உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும்.

"பட்டை இருந்துச்சு மேடம். தாவீது அடிச்சதுதான். அன்னிக்கு லோடு குறையுதுன்னு மேலேந்து போன் வந்துச்சு. யார்டுல கெடந்தது எல்லாத்தையும் ஏத்தச் சொன்னாங்க. நான்தான் துணி எடுத்துக்கினு போய் எல்லா கட்டுலயும் தொடைச்சேன்."

ஆலையின் வக்கீல் தண்ணீர் கேட்டார்.

அந்தக் கட்டில் இருந்தது சிவப்பா பச்சையா என்று அதிகாரி கேட்டார்.

துளசிராமன் மூடின கையைத் திறந்து பார்த்தார். "தெரியாது மேடம். செய்யறது தப்புன்னு தெரிஞ்சுச்சு. கண்ணை மூடிக்கினு தொடைச்சேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தாவீதைப் பார்த்தார். தாவீது எழுந்து, "சிவப்பும்மா. என் ரெண்டு கண்ணால பாத்து அடிச்சேன்" என்றான். சொன்ன விதத்தில் சுவரில் இருந்த பல்லிகூட அதை நம்பியது. அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார்.

அத்தோடு முடிந்தது. தாவீதை வேலைக்குத் திரும்ப எடுத்தார்கள். துளசிராமனை ஆலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் பெரியபாளையத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அறுவடைக்கு அறுவடை ஞானம்மா வீட்டிலிருந்து ஒரு பிடி அரிசி அவர் வீட்டுக்குப் பின்கதவு வழியாகப் போகிறது. அவ்வளவு நிலம் உள்ளவருக்கு அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. விசாரணை அன்றே கலியன் அலுவலக வாசலில் தாவீதின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சிவப்பு அடிச்சேன்னு எனக்கு மொதல்லயே தெரியும்ணே" என்றான். தாவீது அழுதான். முதல் சம்பளம் வந்த வெள்ளிக்கிழமை டிரம்மைத் திறந்து பார்த்தார்கள். அடி தெரிந்தது, துடைத்துவைத்த மாதிரி.

போன மாதம் திருவள்ளூரில் நடந்த இலவசக் கண் பரிசோதனை முகாமில், தாவீதுக்குப் பிறவியிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒரே நிறம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.